பூட்டிய வீட்டு வாசலில் பார்சல்: ஒரே மாதத்தில் மூன்று போயின, என்ன செய்யலாம்?

இலக்கியம்பட்டி டீச்சர் எழுதியது:

தருமபுரி இலக்கியம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறோம். காலை எட்டரைக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் நான் வீடு திரும்ப ஐந்தாகிவிடும். கணவருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை இரவுதான் வருவார். பகலில் வீட்டில் அப்பா மட்டும். காது மந்தம், மதியம் சாப்பிட்டுப் படுத்தாரானால் கேட்டைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் தெரியாது.

தீபாவளியை ஒட்டி மூன்று பார்சல்கள் காணாமல் போயின. ஒன்று, அப்பாவுக்குச் சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைகள். இன்னொன்று 3,200 ரூபாய்க்கு வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர். மூன்றாவது நாத்தனாருக்கு எடுத்த புடவை. மூன்றுக்கும் 'ஒப்படைக்கப்பட்டது' என்று செல்போனில் செய்தி வந்துவிட்டது. ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்களிடம் பேசினால் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள் என்கிறார்கள். எதிர்வீட்டில் போய், 'என் குக்கரை எடுத்தீர்களா' என்று எப்படிக் கேட்பது?

கேமரா வைப்பதா, பெட்டி வைப்பதா, ஆன்லைனில் வாங்குவதையே விட்டுவிடுவதா? அப்பா மூன்றாவதைத்தான் சொல்கிறார்.

பழையபேட்டை கேமரா எழுதியது:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம். கேமராதான். கிருஷ்ணகிரியில் பதினைந்து ஆண்டுகளாக இதே தொழில். கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் கேட்டைத் தொடமாட்டார்கள். வைஃபை கேமரா ஒன்றை வாசலில் மாட்டி, உள்ளே மெமரி கார்டு போட்டுவிட்டால் வகுப்பிலிருந்தே பார்க்கலாம். இன்வெர்ட்டர் இணைப்பு மட்டும் மறக்காதீர்கள். மின்தடை நேரத்தில் கேமராவும் தூங்கும், ரூட்டரும் தூங்கும்.

ஓசூர் இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

எங்கள் அடுக்குமாடியில் பதினாறு கேமராக்கள் இருக்கின்றன. என் ஷூ போனது பதினேழாவது கேமரா இல்லாத இடத்தில் என்று நினைக்காதீர்கள். நேர் எதிரிலேயே கேமரா இருந்தது. தொப்பி போட்ட ஒருவர் காவலாளி அறை அலமாரியிலிருந்து என் பெட்டியை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து போகிறார். கேமரா எட்டரை அடி உயரத்தில் இருப்பதால் தொப்பியின் உச்சிதான் தெரிகிறது. நல்ல தொப்பி.

எங்களுடைய சிக்கலே அந்த அலமாரிதான். எல்லாப் பார்சல்களும் அதில் குவியும். யார் வேண்டுமானாலும் வந்து பெயர் தேடி எடுத்துக்கொள்ளலாம். சிப்காட்டில் வேலை செய்பவர்கள் மூன்று ஷிஃப்டிலும் வந்துபோவதால் இரவு பதினொரு மணிக்கு எடுத்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. இப்போது நோட்டு போட்டிருக்கிறோம்: வந்த நேரம், வீட்டு எண், எடுத்தவர் கையெழுத்து. அதன்பிறகு ஒன்றும் போகவில்லை. நோட்டின் விலை நாற்பது ரூபாய்.

பழையபேட்டை கேமரா எழுதியது:

எட்டரை அடியில் மாட்டியவரைச் சொல்ல வேண்டும். முகம் விழ வேண்டுமானால் ஆறரை, ஏழு அடி போதும், கேட்டைப் பார்த்து. கைக்கு எட்டிவிடும் என்று பயந்து எல்லோரும் மேலே மேலே ஏற்றச் சொல்கிறார்கள். நான் சொன்னாலும் கேட்பதில்லை. மேலே ஒன்று, கீழே காலிங்பெல்லோடு சேர்ந்த சின்னது ஒன்று என்று இரண்டாக வைப்பதுதான் சரி.

அரூர் பெட்டிக்கடை எழுதியது:

கேமராவெல்லாம் டவுனுக்கு. எங்கள் ஊரில் பார்சல் வந்தால் என் கடைதான். வீடு தேடிப் போக வழி தெரியாது, போனால் ஆள் கரும்புக் காட்டில் இருப்பார், செல்போன் எடுக்கமாட்டார். ஆகவே 'அக்கா, கொடுத்துவிடுங்கள்' என்று கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் சரி என்பேன். இதுவரை ஒன்றும் தொலையவில்லை.

ஆனால் அதில் என் பாடு யாருக்கும் தெரியாது. பார்சல் வைக்க இடம் இல்லாமல் வெங்காய மூட்டையை வெளியே தள்ளியிருக்கிறேன். எடுக்க வருகிறவர்கள் ஒரு தீப்பெட்டியாவது வாங்குவார்கள் என்று பார்த்தால், கூரியரை வாங்கிக்கொண்டு 'வருகிறேன் அக்கா' என்று போய்விடுகிறார்கள். கடையில் விற்கும் சோப்பையே ஆன்லைனில் வாங்கி என் கடைக்கே வரவழைத்தவரும் உண்டு.

போன ஆடியில் இன்னொன்று நடந்தது. பக்கத்துத் தெருப் பெண் பெயரைச் சொல்லி ஒருவன் வந்தான். 'பணம் கட்டி எடுக்கும் பார்சல் அக்கா, 850 ரூபாய், அவர்கள் உங்களிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்' என்றான். கொடுத்துவிட்டேன். மாலையில் அவள் வந்து, நான் எதையும் வரவழைக்கவில்லையே என்கிறாள். பிரித்தால் உள்ளே இரண்டு கிழிந்த பனியன். எடுத்துப் போகிற திருடனை எல்லோரும் பேசுகிறீர்கள். கொண்டுவந்து கொடுக்கிற திருடனும் இருக்கிறான். இப்போதெல்லாம் உரியவரிடம் போனில் கேட்காமல் கல்லாவைத் திறப்பதில்லை.

பட்டறை பாலக்கோடு எழுதியது:

டீச்சர், நான் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து பார்சல் பெட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். இதுவரை ஏழு செய்திருப்பேன். முதல் இரண்டு வெறும் பெட்டிதான். தபால் பெட்டியைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் ஒரு பையன் வாய்க்குள் கையை விட்டுப் பார்சலை எடுத்துக் காட்டினான், என் மகன்தான்.

பிறகு உள்ளே ஒரு சாய்தகடு வைத்தேன். மேல் மூடியைத் திறந்தால் பார்சல் அந்தத் தகட்டில் உட்காரும். மூடியை விட்டதும் தகடு சாய்ந்து பார்சல் கீழே விழும். மறுபடி திறந்தால் தகடு எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும், கை போகாது. சுவரோடு சேர்த்து உள்ளிருந்து ஆங்கர் போல்ட் நான்கு. கீல் உள்பக்கம். பூட்டுக் கதவு வீட்டைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டால் அப்படி வைக்கலாம். அடியில் இரண்டு துளை, மழைத்தண்ணீர் வடிய. ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே பெயின்ட்.

ஒரு குறை இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். மருந்து, சாக்லேட், மெழுகு எதுவும் அதில் கிடக்கக்கூடாது. அப்பாவின் சர்க்கரைப் பட்டைகளும் அப்படித்தான்.

பார்சல் சுமப்பவன் எழுதியது:

எல்லோரும் பேசியாகிவிட்டது, கொண்டுவருகிறவன் நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன். காவேரிப்பட்டினம் சாலைப் பக்கம் என் தடம், மூன்றாவது வருடம்.

பார்சல் காணோம் என்றால் முதல் பார்வை எங்கள் மேல்தான் விழும். எங்களிலும் கெட்டவர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கொடுத்த பார்சல் கிடைக்கவில்லை என்று புகார் வந்து என் சம்பளத்தில் பிடித்த மாதமும் உண்டு. பண்டிகைக் காலத்தில் பை இரண்டு மடங்காகும், பகல் அதே நீளம்தான். கொடுக்காமல் திருப்பிக் கொண்டுபோனாலும் கணக்கில் எங்களுக்குத்தான் கெட்ட பெயர். அதனால்தான் வாசலில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். செய்வது தவறுதான், நானும் செய்திருக்கிறேன்.

முகவரியைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும். 'தண்ணீர்த் தொட்டி அருகில்' என்று எழுதுகிறார்கள். என் தடத்தில் ஐந்து தொட்டிகள் இருக்கின்றன. 'மாரியம்மன் கோயில் எதிரில்' என்பார்கள். எந்தத் தெருவில் மாரியம்மன் இல்லை? வரைபடத்தில் வைக்கும் குறியை ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வைக்கிறார்கள், அது சூளகிரியில் போய் நிற்கும். வாசலில் நின்றுகொண்டு குறியை வையுங்கள். கேட்டின் நிறத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஆள் இருக்கமாட்டார், அப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதுங்கள். எழுதியிருந்தால் நான் படிப்பேன். எல்லோரும் படிப்பார்கள் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

டீச்சர், நீங்கள் மூன்றையும் திருட்டு என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்படைத்ததாக அனுப்பிய படம் எந்தப் பார்சலுக்கு இருக்கிறது? இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பார்சலைப் பார்க்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் தரையைப் பாருங்கள்.

இலக்கியம்பட்டி டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் கண்ணுக்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

சர்க்கரைப் பட்டைகளுக்கு மட்டும் படம் இருந்தது. கேட் பழுப்பு நிறமாகத் தெரிந்ததால் எங்கள் வீடு என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரிதாக்கினால் பார்சலுக்குக் கீழே சிவப்புச் சிமெண்டுப் படி, அதில் வெள்ளை பெயின்டில் நிரந்தரமாக எழுதிய ஐந்து இழைக் கோலம், ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. எங்கள் படி வெறும் சாம்பல் நிறம்.

நேற்று மாலை படிகளையே பார்த்துக்கொண்டு நான்கு தெருக்கள் நடந்தேன். என்ன தொலைத்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவது குறுக்குத் தெருவில் அந்த உடைந்த மூலை கிடைத்தது. கதவில் 'பழைய எண் 14' என்று இருக்கிறது. நாங்கள் புதிய எண் 14. நகராட்சியும் ஊராட்சியும் எண்ணை மாற்றினால் பழைய தகட்டைக் கழற்றிக்கொண்டு போகக்கூடாதா?

தனியாக இருக்கும் ஒரு பாட்டி. பார்சலைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். 'யாருடையதோ, தேடி வருவார்கள் என்று ஒன்பது நாளாகப் பார்க்கிறேன்' என்றார். படிக்கத் தெரியாது. மோர் குடிக்காமல் விடவில்லை.

புடவையின் கதையும் தெரிந்துவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று காலை அப்பாவுக்கு ஒரு அழைப்பு. 'ஐயா, புடவை வருகிறது, எண் வந்திருக்கும், அதை இப்போதே சொல்லிவிட்டால் மதியம் தூங்கும்போது தொந்தரவு செய்யமாட்டேன்' என்றிருக்கிறார்கள். அப்பா மகிழ்ந்துபோய் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார். என்னிடம் மறைத்தது ஏனென்றால், நான் திட்டுவேன் என்று. திட்டினேன்.

பார்சல் சுமப்பவன் எழுதியது:

பார்சலைக் கண்ணால் பார்க்கும் முன் அந்த எண்ணை நான் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது கையெழுத்து மாதிரி. வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. இன்னொன்றும் ஐயாவிடம் சொல்லிவையுங்கள். 'கூரியரிலிருந்து பேசுகிறேன், வழி தெரியவில்லை, நட்சத்திரக் குறி போட்டு 21, அதன்பிறகு இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று சொல்பவன் பார்சல்காரன் இல்லை. அப்படி அழுத்தினால் அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். வங்கி ஓ.டி.பி. குரல் அழைப்பில் வந்தால் அதுவும் அவனுக்குத்தான் போகும். பணம் போனால் உடனே 1930, இணைய மோசடிப் புகார் எண்.

கறுப்பு அங்கி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சில குறிப்புகள். புடவைக்கு: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே தொலைபேசியில் வாதாடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் அப்பா எண்ணைச் சொன்னதை மறைக்காதீர்கள். யார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு அழைத்தார் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் சான்று.

குக்கரைப் பற்றி ஒரு கேள்வி. பார்சல் கேட்டுக்கு வெளியே இருந்ததா, உள்ளேயா? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303-ஆம் பிரிவு. பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் குற்றம், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. அந்த வகை, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றம். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் போலீசார் புலனாய்வில் இறங்க முடியாது. குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் 305, ஏழு ஆண்டு வரை. போர்டிகோவை வீட்டின் பகுதி என்று நான் வாதிடுவேன், எதிர்த்தரப்பு மறுக்கும். கேட்டுக்கு வெளியே சாலையோரம் வைத்த பார்சலுக்கு அந்த வாதமே இல்லை. அதனால் குறிப்பில் 'கேட்டுக்கு உள்ளே' என்றாவது எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதியது:

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு அலுவலகத்தில் வைத்திருப்பார்கள், அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அனுப்புகிறவர் கூடுதலாக ஐந்து ரூபாயும் வரியும் கட்டினால் ஓ.டி.பி. சொன்னால்தான் தருவார்கள். பெரிய கடைகளிடம் இதைக் கேட்டு வாங்க முடியாது, உண்மைதான். நெசவாளரிடமோ உறவினரிடமோ நேரடியாக வரவழைக்கும்போது கேட்கலாம். புடவைக்கு அது சரியாக இருந்திருக்கும்.

இலக்கியம்பட்டி டீச்சர் எழுதியது:

எழுத்தில் புகார் கொடுத்தேன், அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் சேர்த்து. பதினோராம் நாள் புடவைப் பணம் திரும்பிவிட்டது. நாத்தனார் இன்னும் திரும்பவில்லை.

குக்கர் உண்மையாகவே திருட்டுதான். கேட்டுக்கு உள்ளே, போர்டிகோவில் செருப்பு வைக்கும் இடத்தில் இருந்திருக்கிறது. எதிர்வீட்டுக் கேமராவில் பார்த்தோம். 2.40 மணிக்கு ஒரு பையன், பதினான்கு பதினைந்து வயதிருக்கும், கேட்டைத் திறக்கிறான், பெட்டியைத் தூக்குகிறான், கனத்தால் ஒருமுறை கீழே வைக்கிறான், மறுபடி தூக்கிக்கொண்டு போகிறான். முகம் பாதி தெரிகிறது.

பழையபேட்டை கேமரா எழுதியது:

பாதி போதும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், மாலைக்குள் குக்கர் வந்துவிடும். எத்தனை வீட்டுக்கு இப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கறுப்பு அங்கி எழுதியது:

போடாதீர்கள். பதினெட்டு நிரம்பாதவன் என்றால் அவன் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு. சட்டத்தை விடுங்கள். 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே என்ன நடந்தது? பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை நம்பி, குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊர்கூடி அடித்தே கொன்றார்கள். அவர் கோயிலுக்கு வழி கேட்டு வந்தவர். பாதி முகத்தைக் குழுவில் போட்டால் மீதிப் பாதியை ஊரே வரைந்துகொள்ளும். பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், அது போதும்.

பழையபேட்டை கேமரா எழுதியது:

சரி சார். குக்கருக்கும் கொலைக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். ஆனால் சிறுவன் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இலக்கியம்பட்டி டீச்சர் எழுதியது:

குழுவில் போடவில்லை. காவல் நிலையத்தில் பதிவைக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. பெட்டியைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொண்ட விதம் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. முப்பது பிள்ளைகளை ஐந்து வருடமாகப் பார்க்கிறவளுக்கு எல்லாப் பையன்களும் எங்கேயோ பார்த்ததுபோல்தான் இருப்பார்கள். அதற்குமேல் அந்தப் பதிவை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

பாலக்கோடு தம்பியிடம் பெட்டி சொல்லியிருக்கிறேன். எதிரே இருக்கும் தையல் கடை அக்காவிடமும் பேசிவிட்டேன். மருந்து வந்தால் அவரிடம், மற்றவை பெட்டியில். அரூர் அக்கா எழுதியதைப் படித்தபிறகு சும்மா கேட்க மனம் வரவில்லை. இனி எங்கள் வீட்டு ரவிக்கைகள் எல்லாம் அவரிடம்தான். பழைய எண் 14 பாட்டிக்கு என் போன் எண்ணைப் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

அரூர் பெட்டிக்கடை எழுதியது:

இதைத்தான் சொல்கிறேன். ஒரு தீப்பெட்டி.

ஓசூர் இரண்டாம் ஷிஃப்ட் எழுதியது:

பெட்டி எப்படி இருக்கிறது டீச்சர்? படம் போடுங்கள். எங்கள் தளத்திலும் ஒன்று வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கியம்பட்டி டீச்சர் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினார்கள். சாம்பல் நிறம், பார்க்க லட்சணமாக இருக்கிறது. அப்பா நான்கு முறை கையை விட்டுப் பார்த்தார், சாய்தகடு ஒவ்வொரு முறையும் தடுத்தது. ஐந்தாவது முறை அவருடைய மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. அதைப் பெட்டியின் முதல் பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் வரவழைத்த குக்கர் நேற்று வந்தது. பெட்டியின் வாய் பதினான்கு அங்குலம். குக்கரின் அட்டைப் பெட்டி பதினைந்தரை. கொண்டுவந்த பையன் குறிப்பை ஒழுங்காகப் படித்திருக்கிறான், 'பெட்டியில் போடவும்' என்று எழுதியிருந்தேன் அல்லவா? முயன்று பார்த்துவிட்டு, பெட்டியின் தலைமேல் குக்கரைப் பத்திரமாக வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். தெரு முழுவதும் பார்க்கும்படி.

பட்டறை பாலக்கோடு எழுதியது:

குக்கர் வரும் என்று அளவெடுக்கும்போது சொல்லவே இல்லையே டீச்சர். வாயைப் பெரிதாக்கினால் தகட்டையும் மாற்ற வேண்டும். புதன்கிழமை வருகிறேன். அதுவரைக்கும் பெரிய பார்சல் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.